சீனி இறங்கியது, தாயின் நிறையும் இறங்கியது: படுவான்கரைத் தாய் ஒருவரின் இரண்டு கர்ப்பங்கள்

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கம், படுவான்கரையில் உள்ள விவசாயக் குடும்பம் ஒன்றின் நிகழ்வு இது. ஒரே தாய்க்கு முதல் கர்ப்பத்தில் போசாக்குக் குறைவு, இரண்டாவதில் கர்ப்பகால நீரிழிவு. பிள்ளைக்குப் பிற்காலத்தில் சீனி வருத்தம் வருவதற்கான வாய்ப்பை இரண்டுமே கூட்டுகின்றன. குடும்பத்தின் அடையாளம் வெளிப்படாதிருக்கச் சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

பின்னணி

தாய்க்கு வயது 31, உயரம் 152 செ.மீ. கணவர் வயல் செய்பவர், மாரியில் வாவியில் மீன் பிடிப்பவர். வீட்டில் மாமியும் இருக்கிறார். சமையலும் யாருக்கு எவ்வளவு என்ற தீர்மானமும் அவருடையவை.

தாயின் தாய்க்கு 48 வயதில் நீரிழிவு கண்டுபிடிக்கப்பட்டது. அவர் இந்த மகளைச் சுமந்தது 1990களின் தொடக்கத்தில், இடம்பெயர்ந்து பாடசாலைக் கட்டடமொன்றில் தங்கியிருந்தபோது. நிவாரண அரிசியும் பருப்பும்தான் சாப்பாடு. பிறப்பு நிறை எழுதிய அட்டை தொலைந்துவிட்டது. "கைக்குள்ள அடங்குற பிள்ளை" என்பது மட்டுமே நினைவு.

குடும்ப வரலாறு கேட்கும்போது இந்தத் தகவலை யாரும் கேட்பதில்லை, படிவத்தில் அதற்கு இடமும் இல்லை. ஆனால் கருப்பையில் பட்ட பசி ஒரு தலைமுறை கழித்தும் தெரியும். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ஏற்பட்ட பஞ்சத்தின்போது கருவில் இருந்தவர்களை ஏறத்தாழ 50 வயதில் பரிசோதித்தபோது, அவர்களுடைய உடல் குளுக்கோஸைக் கையாளும் திறன் குறைந்திருந்தது. பிரித்தானிய ஆய்வாளர்கள் ஹேல்ஸும் பார்க்கரும் 1992இல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார்கள். ஊட்டம் போதாத சிசு மூளையைக் காப்பாற்றிக்கொண்டு கணையத்திலும் தசையிலும் சிக்கனம் செய்கிறது. பிறந்த பிறகு சாப்பாடு தாராளமாகக் கிடைத்தால், சிக்கனத்துக்குப் பழகிய அந்த உடலால் சமாளிக்க முடிவதில்லை. போர்க்காலத்தில் பிறந்த கிழக்கின் பெண்கள் இன்று தாய்மாராகக் கிளினிக்குக்கு வரும்போது இதை மனதில் வைத்தே பார்க்க வேண்டும்.

முதல் கர்ப்பம்

22 வயதில் முதல் கர்ப்பம். பதிவின்போது நிறை 39 கிலோ, பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற நிறையைக் காட்டும் எண்) 16.9. இந்த அளவு மெலிந்த தாய் கர்ப்பகாலத்தில் 12.5 முதல் 18 கிலோ வரை ஏற வேண்டும். ஏறியது 6 கிலோ. பிள்ளை பெருத்தால் பிரசவம் கஷ்டம் என்று ஏழாம் மாதத்திலிருந்து இரவுச் சோறு குறைக்கப்பட்டது. முட்டை சூடு என்று விடப்பட்டது. கர்ப்பிணிகளுக்கு அரசு இலவசமாகக் கொடுக்கும் சத்துமாவான திரிபோஷா கிடைத்தது, ஆனால் வீட்டிலுள்ள எல்லோரும் அதைப் பகிர்ந்துகொண்டார்கள். இரும்புச்சத்துக் குளிசையைப் பிளேன்ரீயுடன் போட்டார். தேயிலையிலுள்ள தனின் இரும்பைப் பிடித்துக்கொள்வதால் குளிசையின் பெரும்பகுதி வீண்.

39ஆம் கிழமையில் பெண் பிள்ளை, 2.1 கிலோ. மெலிந்த பிள்ளையைத் தேற்ற வேண்டுமென்று ஆறாம் மாதத்திலிருந்து சீனி போட்ட மாப்பால், பிஸ்கட் கரைசல், ரஸ்க். வளர்ச்சிப் பதிவேட்டில் கோடு கிடுகிடுவென்று ஏறி, 2 வயதில் 13.2 கிலோவைத் தொட்டது. பதிவேட்டைப் பார்த்த எல்லோரும் பாராட்டினார்கள். குறைந்த நிறையில் பிறந்து வேகமாகக் கொழுப்பு ஏறும் பிள்ளைதான் பிற்காலத்தில் அதிக ஆபத்தில் இருக்கிறது என்பதை அந்த இடத்தில் யாரும் சொல்லவில்லை.

இரண்டாம் கர்ப்பம், 8 முதல் 25ஆம் கிழமை வரை

எட்டாம் கிழமையில் பதிவு. நிறை 61 கிலோ, பிஎம்ஐ 26.4. ஒன்பது ஆண்டில் 22 கிலோ கூடியிருந்தது. இம்முறை ஏற வேண்டியது 7 முதல் 11.5 கிலோ மட்டுமே. சாப்பிட்டு இரண்டு மணிநேரம் கழித்துப் பார்த்த சீனி 112 மி.கி./டெ.லீ. அப்போதைக்குக் கவலையில்லை.

25ஆம் கிழமையில் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துச் செய்த பரிசோதனையில் வெறுவயிற்றில் 96, ஒரு மணிநேரத்தில் 188, இரண்டு மணிநேரத்தில் 149. எல்லைகள் முறையே 92, 180, 153. ஒன்று தாண்டினாலே கர்ப்பகால நீரிழிவு. இங்கே இரண்டு தாண்டியிருந்தன. நிறை 66 கிலோ.

அன்று கொடுக்கப்பட்ட அறிவுரை சுருக்கமானது: சீனியை நிறுத்துங்கள், சோற்றைக் குறையுங்கள், குரக்கன் சாப்பிடுங்கள், இரண்டு கிழமையில் வாருங்கள். நெரிசலான கிளினிக்கில் ஒரு தாய்க்குக் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான்.

27ஆம் கிழமை: கவனித்தவை

வெறுவயிற்றுச் சீனி 88. காலைச் சாப்பாட்டுக்கு இரண்டு மணிநேரம் கழித்து 104. இலக்கு 95க்கும் 120க்கும் கீழே என்பதால் முடிவு சிறப்பாகத் தெரிந்தது. அட்டையில் "கட்டுப்பாடு நன்று" என்று எழுதப்பட்டது.

அட்டையின் மறு பத்தியைப் பார்த்தவர் குடும்பநல உத்தியோகத்தர். நிறை 64.2 கிலோ. இரண்டு கிழமையில் 1.8 கிலோ இறக்கம், அதுவும் பிள்ளை வேகமாக வளர வேண்டிய காலத்தில். மறுநாள் காலையில் கழித்த முதல் சிறுநீரில் கீற்றோன் இரண்டு கூட்டல் (++). சாப்பாடு போதாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது வரும் பொருள் அது. ஸ்கேனில் பிள்ளையின் வயிற்றுச் சுற்றளவு 18ஆவது சதமானம், அதாவது அதே கிழமையிலுள்ள நூறு பிள்ளைகளில் 18 பேர் மட்டுமே இதைவிடச் சிறியவர்கள். 20ஆம் கிழமையில் அது நடுவில் இருந்தது. இந்த மாற்றத்துக்கு இரண்டு கிழமைச் சாப்பாடு மட்டும் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, அளவெடுப்பதிலும் வித்தியாசம் வரும். ஆனால் நிறையும் கீற்றோனும் ஸ்கேனும் ஒரே திசையைக் காட்டின.

வீட்டில் முந்தின நாள் சாப்பாடு மணிவாரியாகக் கேட்கப்பட்டது. காலை எட்டரைக்கு அரைக் கோப்பை குரக்கன் கஞ்சி. மதியம் ஒரு குரக்கன் ரொட்டி, முருங்கைக்கீரை வறை. பின்னேரம் தேத்தண்ணி. மாலை ஆறரைக்கு மூன்று இடியப்பம், இரண்டு கரண்டி பருப்பு. அதோடு மறுநாள் எட்டரை வரை ஒன்றுமில்லை, 14 மணிநேரம். மீன், முட்டை, தயிர் மூன்றும் இல்லை. "நோய் வந்தா வாயக் கட்டத்தானே வேணும் மிஸ்" என்றார் மாமி. அன்பினால் செய்தது அது, தனக்குத் தெரிந்த பத்தியத்தை அவர் மருமகளுக்குச் செய்தார்.

கணக்குப் பார்த்தால் மாவுச்சத்து 100 கிராம் அளவில், புரதம் 25 கிராமுக்கும் கீழே. கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு மாவுச்சத்து குறைந்தது 175 கிராமும் புரதம் 71 கிராமும் வேண்டும், நீரிழிவு இருந்தாலும்.

ஏன் உணவைக் கூட்ட முடிவெடுக்கப்பட்டது

தாயின் குளுக்கோஸ் நச்சுக்கொடியைத் தாண்டும், இன்சுலின் தாண்டாது. தாயின் சீனி கூடினால் சிசுவின் கணையம் தானே கூடுதலாக இன்சுலின் சுரந்து அந்தச் சீனியைக் கொழுப்பாக்கும். அமெரிக்காவின் பிமா பழங்குடியினரில் ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்ட ஆய்வு 2000இல் வெளிவந்தது. தாய்க்கு நீரிழிவு வந்த பின் பிறந்தவர்களுக்கு, அதற்கு முன் பிறந்த உடன்பிறப்புகளைவிட நீரிழிவு கூடுதலாக வந்திருந்தது. ஒரே தாய் தந்தை, ஒரே வீடு என்பதால் பரம்பரையை மட்டும் காரணம் காட்ட இடமில்லை. ஆகவே சீனியைக் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும்.

ஆனால் பட்டினியால் கட்டுப்படுத்தினால் பிள்ளை மற்றப் பக்கத்து ஆபத்தில் விழும். இன்சுலின் சுரக்கும் கலங்கள் கருவிலும் பிறந்த முதல் ஆண்டுகளிலுமே பெருகுகின்றன. தாய் எலிகளுக்குப் புரதத்தைக் குறைத்த சோதனைகளில் குட்டிகளின் கணையத்தில் அந்தக் கலங்கள் குறைந்தன. தசையும் அதே காலத்தில் உருவாகிறது. சாப்பாட்டுச் சீனியில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். தெற்காசியப் பிள்ளைகள் நிறை குறைவாகப் பிறந்தாலும் தசை குறைந்து கொழுப்புக் கூடியிருப்பதைப் புனே நகர ஆய்வுகள் காட்டின. அக்காளுக்கு நடந்தது தம்பிக்கும் நடக்கக் கூடாது என்பதே இங்கிருந்த கவலை.

ஆகவே உணவின் அளவைக் கூட்டி, அதை ஆறு நேரமாகப் பிரித்து, சீனி ஏறினால் இன்சுலின் கொடுப்பதென்று தீர்மானிக்கப்பட்டது. இன்சுலினைத் தவிர்ப்பதற்காகத் தாயைப் பட்டினி போடுவதில்லை என்பது வெளிப்படையாகப் பேசி முடிவான விடயம். பேசும்போது மாமியும் கணவரும் உடனிருந்தார்கள்.

தட்டில் வைத்தது

எல்லாம் வீட்டிலுள்ள தேத்தண்ணிக் கோப்பையாலும் கையாலும் அளந்தது.

காலை 7 மணி: சிவப்பரிசி மா இடியப்பம் 3, அவித்த முட்டை 1, பருப்பு அல்லது மீன் சொதி. மாவுச்சத்து 30 கிராம். காலையில் இன்சுலின் எடுபடுவது குறைவு என்பதால் இந்த நேரம்தான் கட்டுப்பாடாக இருக்க வேண்டும்.

10 மணி: அவித்த கௌப்பி அரைக் கோப்பை, கொஞ்சம் தேங்காய்ப்பூ.

மதியம் 1 மணி: சிவப்பரிசிச் சோறு ஒரு கோப்பை (வெந்தது 150 கிராம்), உள்ளங்கையளவு மீன் (90 கிராம்), கீரை வறை, இன்னொரு மரக்கறி, பருப்பு மூன்று கரண்டி. முதலில் மீனும் மரக்கறியும், பிறகு சோறு.

4 மணி: சீனியில்லாத பால் ஒரு குவளையும் ஒரு கொய்யாவும், அல்லது 50 கிராம் திரிபோஷா. அதில் 10 கிராம் அளவு புரதம் உண்டு. ஆனால் சீனியும் தேங்காயும் சேர்த்து உருண்டை பிடிப்பதுதான் நம் வழக்கம், அந்தச் சீனியோடு பயன் கெட்டுவிடும். தண்ணீர் தெளித்து உப்போடு பிசைந்து கொடுக்கப்பட்டது.

இரவு 7 மணி: சோறு முக்கால் கோப்பை அல்லது சிறிய குரக்கன் ரொட்டி ஒன்று, மீன் அல்லது இறால், மரக்கறி.

இரவு 9.30: பால் ஒரு குவளை, ஒரு பிடி அவித்த கடலை. இதை விட்டால் விடியும்போது கீற்றோன் வரும்.

மொத்தம் மாவுச்சத்து 180 கிராம், புரதம் 80 கிராம் சுற்றி. மதியமும் இரவும் சாப்பிட்டபின் 15 நிமிடம் வளவுக்குள் நடை. இரும்புக் குளிசை இரவு படுக்கும் முன், கல்சியம் மதியம். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ஒன்று மற்றதைத் தடுக்கும்.

குரக்கன் பற்றி ஒரு வார்த்தை. நார்ச்சத்தும் கல்சியமும் நிறைந்த நல்ல தானியம். ஆனாலும் அதுவும் மாவுச்சத்துத்தான். கஞ்சியாக நீர்க்கக் காய்ச்சினால் சீனியை விரைவாக ஏற்றும். நீரிழிவுக்காரருக்கு எவ்வளவும் சாப்பிடலாம் என்ற எண்ணம் தவறு.

முப்பதாம் கிழமை வைகாசிச் சடங்குக் காலத்தில் வந்தது. கண்ணகை அம்மன் கோவிலில் கதவு திறந்ததும் வீட்டில் மீனும் முட்டையும் நின்றன. அதை மாற்றச் சொல்லவில்லை. மீனுக்குப் பதிலாக உலர்ந்த சோயாமீட் 30 கிராம் (புரதம் 15 கிராம் அளவில்), மதியம் ஒரு கோப்பை எருமைத் தயிர், காலை பயறு என்று மாற்றப்பட்டது. கௌப்பியைக் கூட்டிய நாளில் சோறு கால் கோப்பை குறைக்கப்பட்டது, அவரையினங்கள் மாவுச்சத்தையும் கொண்டுவரும். நீண்டகாலம் மரக்கறி மட்டும் உண்ணும் தாய்க்கு பி12 குளிசை தேவைப்படும். புனேயில் பி12 குறைந்து போலேற்று (போலிக் அமிலச் சத்து) மட்டும் கூடியிருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு 6 வயதில் இன்சுலின் எதிர்ப்பு மிக அதிகமாக இருந்தது. இந்தத் தாய்க்கு அந்த இடைவெளி குறுகியது, பாலும் தயிரும் போதுமானவை.

காலைச் சீனி ஏன் இறங்கவில்லை

ஒரு கிழமையில் கீற்றோன் மறைந்தது, நிறை ஏறத் தொடங்கியது. மதியமும் இரவும் சீனி இலக்குக்குள். காலைச் சாப்பாட்டுக்குப் பின் மட்டும் 134, 138.

மூன்று காரணங்கள் தேடப்பட்டன. முதலாவது பரிசோதனை முறை. சீனி பார்க்கும் பட்டிகள் இருந்த குப்பியின் மூடி சரியாக மூடப்பட்டிருந்தது, விரல் கழுவித் துடைக்கப்பட்டது. ஆனால் இரண்டு மணிநேரத்தைச் சாப்பிட்டு முடித்ததிலிருந்து எண்ணினார்கள். முதல் வாய் வைத்ததிலிருந்து எண்ண வேண்டும். அதைத் திருத்தினாலும் எண் பெரிதாக மாறவில்லை. இரண்டாவது இடியப்ப மா. சிவப்பரிசி மாதான், எண்ணிக்கையும் சரி.

மூன்றாவது, உத்தியோகத்தர் காலை ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனபோது கண்ணில் பட்டது. தாய் குசினி வாசலில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். கோப்பையில் சீனி இல்லை. இடது உள்ளங்கையில் இருந்தது. ஒரு நக்கு, ஒரு மிடறு. "தேத்தண்ணிக்குச் சீனி போடுறல்ல" என்று அவர் சொல்லிவந்தது உண்மைதான். கையில் இருந்ததைக் கரண்டியால் அளந்தபோது இரண்டரைத் தேக்கரண்டி, ஏறத்தாழ 12 கிராம். கேள்வி தவறாகக் கேட்கப்பட்டிருந்தது. தேத்தண்ணியை எதோடு குடிக்கிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். உள்ளங்கைச் சீனி நின்ற மூன்றாம் நாள் காலை அளவு 116.

இந்த 12 கிராம் சின்ன விடயமல்ல. பிரித்தானியாவில் சீனிப் பங்கீடு 1953 செப்டெம்பரில் முடிந்தது. பங்கீடு இருந்தபோது கருவிலும் முதல் இரண்டு வயதிலும் இருந்தவர்களையும், அது முடிந்தபின் கருவானவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2024இல் வந்தது. முன்னவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு ஆபத்து 35 வீதம் அளவில் குறைவு. வந்தவர்களுக்கும் ஏறத்தாழ நான்கு ஆண்டு பிந்தியே வந்தது. பாதுகாப்பில் மூன்றில் ஒரு பங்கு கருவில் இருந்த காலத்துக்குரியது, மீதி பிறந்த பிறகு சீனி குறைவாக உண்ட காலத்துக்குரியது.

34ஆம் கிழமை: இன்சுலின்

ஒரு கிழமையாக வெறுவயிற்றுச் சீனி 96க்கும் 99க்கும் இடையில் நின்றது. சாப்பாட்டில் பிழையில்லை. நச்சுக்கொடியின் ஓமோன்கள் உச்சத்துக்கு வரும் காலம் அது. இரவுப் பாலை நிறுத்தலாமா என்று குடும்பம் கேட்டது. நிறுத்தவில்லை. சீனியைக் குறைக்கும் குளிசையான மெற்போமின் யோசிக்கப்பட்டு விடப்பட்டது. அது நச்சுக்கொடியைத் தாண்டும், பிள்ளையின் வளர்ச்சி ஏற்கெனவே சந்தேகத்தில் இருந்த நிலையில் அது பொருத்தமில்லை. படுக்கும் நேரம் ஐசோபேன் இன்சுலின் (மெதுவாக நெடுநேரம் வேலை செய்யும் வகை) 6 அலகில் தொடங்கி, 10 அலகில் வெறுவயிற்றுச் சீனி 90க்குக் கீழே வந்தது.

வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. பகலில் 30 பாகையைத் தாண்டும் ஊரில் திறந்த இன்சுலின் குப்பியை அலுமாரியில் வைத்தால் வீரியம் போகும். பெரிய மண்சட்டியில் ஈரமணல், அதற்குள் சிறிய மண்குடுவை, குடுவைக்குள் பொலித்தீனில் சுற்றிய குப்பி, மேலே ஈரத்துணி. நிழலில், காற்றோட்டமான இடத்தில். மணலுக்குக் காலையும் மாலையும் தண்ணீர். திறந்த திகதி குப்பியில் எழுதப்பட்டது, 28 நாளுக்குப் பின் பாவிக்கவில்லை.

பிரசவமும் பிறகும்

36ஆம் கிழமை ஸ்கேனில் வயிற்றுச் சுற்றளவு 38ஆவது சதமானம். தாயின் கடைசி நிறை 69.5 கிலோ, மொத்த ஏற்றம் 8.5. 39ஆம் கிழமையில் சுகப்பிரசவம், ஆண் பிள்ளை, 2.86 கிலோ. 40 நிமிடத்துக்குள் தாய்ப்பால். இரண்டாம் மணியில் பிள்ளையின் சீனி 41 மி.கி. வேண்டியது 47. தாயின் மார்போடு தோல்படச் சேர்த்து மீண்டும் பாலூட்டியதில் 58க்கு ஏறியது. சீனித்தண்ணீர் கொடுக்கவில்லை. தாயின் இன்சுலின் அன்றே நிறுத்தப்பட்டது.

எட்டாம் கிழமையில் தாய்க்குச் செய்த குளுக்கோஸ் பரிசோதனை: வெறுவயிற்றில் 94, இரண்டு மணிநேரத்தில் 132. சாதாரணம். ஆனால் இப்படி வந்தவருக்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றத் தாய்மாரைவிட 7 முதல் 10 மடங்கு என்பதால் ஆண்டுக்கொரு பரிசோதனை அட்டையில் எழுதப்பட்டது. பத்தியச் சாப்பாட்டில் சரக்குத்தூளும் உள்ளியும் பால்சுறாவும் இருந்தன. அவற்றில் குறையில்லை. மரக்கறியை விலக்கியது மட்டும் பேசி மாற்றப்பட்டது.

ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். பிள்ளை 12 மாதத்தில் 9.1 கிலோ, பிறப்பிலிருந்து ஏறத்தாழ அதே கோட்டில். மாப்பாலும் பிஸ்கட்டும் வீட்டுக்குள் வரவில்லை. இந்தப் பிள்ளைக்கு நீரிழிவு வராது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. அதற்குப் பல பத்தாண்டுகள் வேண்டும்.

மூத்த பிள்ளை

தாயின் 28ஆம் கிழமையில் அக்காளையும் பார்க்கக் கேட்கப்பட்டது. 8 வயது, 124 செ.மீ., 31 கிலோ, பிஎம்ஐ 20.2. பின்கழுத்தில் தடித்த கருமை. வீட்டில் அதை அழுக்கென்று நினைத்துத் தேங்காய்ப் பொச்சால் தேய்த்திருந்தார்கள். அது இன்சுலின் எதிர்ப்பின் அடையாளம். வெறுவயிற்றுச் சீனி 101.

வளரும் பிள்ளை என்பதால் நிறையைக் குறைப்பது இலக்கல்ல, உயரம் ஏறும்வரை நிறையைப் பிடித்துவைப்பதே இலக்கு. இனிப்புப் பானமும் பாடசாலை வாசல் ஐஸ்பழமும் நின்றன, மீனும் முட்டையும் கூடின, பின்னேரம் ஒரு மணிநேரம் ஓடி விளையாட விட்டார்கள். 10 வயதில் 134 செ.மீ., 34.5 கிலோ, பிஎம்ஐ 19.2. வெறுவயிற்றுச் சீனி 93. கழுத்துக் கருமை மங்கியிருக்கிறது, போகவில்லை.

இனி மாற்ற வேண்டியவை

கர்ப்பகால நீரிழிவு என்று சொல்லும் அன்றே எதைச் சாப்பிட வேண்டும் என்பது கோப்பைக் கணக்கில் எழுதிக் கொடுக்கப்பட வேண்டும். "குறையுங்கள்" என்ற ஒரு சொல்லோடு அனுப்பினால் வீடு அதைப் பத்தியமாக்கிவிடும். அடுத்த வருகை ஒரு கிழமையில், நிறையும் காலைச் சிறுநீர்க் கீற்றோனும் சேர்த்து. சீனி எண்ணை நிறை எண்ணோடு பக்கத்தில் வைத்துப் படிக்காமல் "கட்டுப்பாடு நன்று" என்று எழுதக் கூடாது. சமைப்பவர் யாரோ அவரும் கிளினிக்குக்கு வர வேண்டும்.

2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த பிள்ளையின் பதிவேட்டில், கோடு மேலே தாவும்போதும் கீழே விழும்போது போலவே உத்தியோகத்தர் நின்று கேட்க வேண்டும்.

எல்லாவற்றிலும் அதிகம் பிந்திப்போனது முதல் கர்ப்பத்தில்தான். 21 வயதில் கல்யாணம் முடித்த அந்தப் பெண்ணின் நிறையைக் கர்ப்பத்துக்கு முன் யாரும் பார்க்கவில்லை. புதுத் தம்பதியர் பதிவின்போதே நிறை, ஹீமோகுளோபின், வெறுவயிற்றுச் சீனி மூன்றும் பார்த்து, போலிக் அமிலமும் தொடங்கினால் பல மாதங்கள் கையில் கிடைக்கும். இந்தத் தாய்க்கு இப்போது 63 கிலோ, குடும்பக் கட்டுப்பாட்டு ஊசி போடுகிறார். மூன்றாவது பிள்ளை விருப்பம் உண்டு என்கிறார். அதற்கு முன் 57 கிலோவுக்கு இறங்குவதும் குளுக்கோஸ் பரிசோதனையை மீண்டும் செய்வதும் அவரோடு பேசி அட்டையில் எழுதப்பட்டுள்ளன.